தாமஸ் ப்ராக்குக்கு விழுந்தது வெறும் லாட்டரிதானா? நுண்ணுயிர்ச் சூழலியல் பக்கம் போக நினைக்கிறேன்

உப்பங்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்எஸ்சி நுண்ணுயிரியல் கடைசி வருடம் படிக்கிறேன், ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் மருத்துவமனை மாதிரி, ஆன்டிபயாடிக் எதிர்ப்பு என்றுதான் எடுக்கிறார்கள். தப்பில்லை, நாளைக்கு வேலைக்கு உதவும். எனக்கு மனசு வேறு பக்கம் இழுக்கிறது. எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம், சுற்றிலும் உப்பளம். கடல் தண்ணீர் பாத்தி மாறி மாறிப் போகப் போக உப்பு ஏறும், கடைசிப் பாத்திகளில் தண்ணீர் ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும். எந்தப் பாத்தியில் எந்த உயிர் நிற்கிறது, எந்த இடத்தோடு எது காணாமல் போகிறது, இருப்பவை அங்கேயே வளர்கின்றனவா இல்லை அடித்து வந்து சும்மா கிடக்கின்றனவா, இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வழிகாட்டியிடம் சொன்னேன். இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன்: தாமஸ் ப்ராக் என்ற நுண்ணுயிரியலாளர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார், அதிலிருந்துதான் டாக் பாலிமரேஸ் (டிஎன்ஏ-வைப் படியெடுக்கும், சூடு தாங்கும் நொதி) வந்தது, அது இல்லாமல் இன்றைக்கு பிசிஆர் (டிஎன்ஏ-வைப் பல மடங்கு பெருக்கும் முறை) இல்லை என்று. "அது லாட்டரி. ஒருத்தருக்கு விழுந்துவிட்டது என்பதற்காக அதை நம்பி நீ இறங்காதே" என்று சொல்லிவிட்டார்.

கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். ப்ராக் எதைத் தேடி அங்கே போனார்? அந்த ஒரு பாக்டீரியாவைத் தவிர வேறு என்ன செய்தார்? பாடநூலில் பிசிஆர் பாடத்தின் ஓரத்தில் நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

---

பழைய நுண்ணோக்கி எழுதியது:

உங்கள் வழிகாட்டி சொன்னதில் ஒரு பாதி சரி. டாக் பாலிமரேஸ் வரும் என்று ப்ராக் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது, பிசிஆர் என்ற யோசனையே 1983-இல்தான் பிறக்கிறது. ஆனால் மற்ற பாதி சரியில்லை. அவர் எதையோ தேடிப்போய் வேறு எதையோ தடுக்கி விழுந்தவர் அல்ல. கையில் தெளிவான ஒரு கேள்வியோடுதான் போனார். அந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டால் உங்கள் உப்பளத்துக்கும் வழி கிடைக்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ப்ராக் 1926-இல் ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் பிறந்தவர். ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தது தாவரவியல், 1952-இல் முனைவர் பட்டம். அப்புறம் அப்ஜான் மருந்து நிறுவனத்தில் சில ஆண்டுகள் ஆன்டிபயாடிக் ஆராய்ச்சி, வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம், 1960-இல் இண்டியானா பல்கலைக்கழகம். நுண்ணுயிர்ச் சூழலியலுக்குள் அவர் பிறகுதான் வருகிறார்.

அந்தக் காலத்தில் சூழல் நுண்ணுயிரியல் என்றால் பெரும்பாலும் என்ன செய்வார்கள்? மண்ணையோ தண்ணீரையோ எடுத்துவந்து, நீர்த்து, அகர் தட்டில் (சத்து கலந்த கூழ்த் தட்டில்) ஊற்றி, மறுநாள் வந்த காலனிகளை எண்ணுவார்கள். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தட்டில் வளர்வது தட்டுக்குப் பிடித்த உயிர். அது குளத்தில் என்ன செய்துகொண்டிருந்தது, வேகமாக வளர்ந்ததா, தூங்கிக்கொண்டிருந்ததா, தட்டு எதையும் சொல்லாது. ப்ராக் கேட்ட கேள்வி இதுதான்: ஒரு பாக்டீரியா தான் வாழும் இடத்தில், அந்த நிமிடத்தில், எவ்வளவு வேகமாக வளர்கிறது?

இதற்கு அவர் முதலில் கையில் எடுத்தது கடலை. கடல்பாசியின் மேல் ஒட்டிக்கொண்டு வளரும் லூக்கோத்ரிக்ஸ் மியூக்கார் என்று ஒரு இழை பாக்டீரியா இருக்கிறது, நுண்ணோக்கியில் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். அதைக் கடல் நீரிலேயே வைத்து, ட்ரிட்டியம் ஏற்றிய தைமிடினைக் கொஞ்சம் சேர்த்தார். புதிதாக டிஎன்ஏ செய்துகொண்டிருக்கும் செல் மட்டும்தான் தைமிடினை உள்ளே இழுக்கும். கொஞ்ச நேரம் விட்டு, இழைகளைக் கழுவி, கண்ணாடித் துண்டில் பரப்பி, மேலே புகைப்பட எமல்ஷன் பூசி இருட்டில் வைப்பார்கள். கதிர்வீச்சு பட்ட இடத்தில் கறுப்பு வெள்ளித் துகள் விழும். எத்தனை செல்லின் மேல் துகள் விழுந்திருக்கிறது என்று எண்ணினால் வளரும் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். தட்டு இல்லை, காலனி இல்லை. கடலில் வளர்ந்த வேகத்தைக் கடலில் இருந்த செல்லிடமே கேட்டு வாங்குவது. 1967-இல் இது சயன்ஸ் இதழில் வந்தது. எனக்கு அவருடைய வேலைகளில் மிகவும் பிடித்தது இதுதான். வெந்நீர் ஊற்றுக் கதையின் வெளிச்சத்தில் இது மறைந்துபோனது பெரிய குறை.

இந்த மனநிலையில் இருப்பவர் 1964-இல் மேற்கே போகும் வழியில் யெல்லோஸ்டோனைப் பார்க்க இறங்குகிறார். ஊற்றின் வாயில் தண்ணீர் கொதிக்கிறது. வழிந்து ஓட ஓட ஆறுகிறது. ஓடையின் அடியில் நிறம் நிறமாகப் பட்டைகள், ஒரு தூரம் வரை வெறும் பாறை, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை. முக்கியமான விஷயம், ஓடையில் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால் இன்றைக்கு அங்கே என்ன வெப்பமோ ஏறக்குறைய அதுவேதான் நாளைக்கும். ஆய்வகத்தில் வெவ்வேறு வெப்பத்தில் வரிசையாக இன்குபேட்டர் வைப்பதற்குப் பதிலாக, இயற்கையே ஒரே தண்ணீரை எல்லா வெப்பத்திலும் வரிசையாக ஓடவிட்டிருக்கிறது. சூழலியல் படிக்க இதைவிடச் சுத்தமான இடம் வாய்க்காது என்று அவர் முடிவு செய்ததில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? அந்த ஊற்றுகளை அதற்கு முன் எத்தனையோ பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டிலிருந்து கோடைகாலம்தோறும் வேலை. பூங்காவின் மேற்கு வாசலில் உள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் ஓர் ஆய்வகம் போட்டு 1975 வரை நடத்தினார். ஆக்டோபஸ் ஸ்பிரிங் என்ற ஊற்றின் வழிநீரில் 82 முதல் 88 டிகிரி வெப்பத்தில் இளஞ்சிவப்பு நார்க் கற்றைகள் ஆடிக்கொண்டிருந்தன. நுண்ணோக்கி கூட வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு. அப்போது வெப்ப விரும்பிகளைத் தேடுபவர்கள் இன்குபேட்டரை வைத்தது 55, 60 டிகிரியில். அதற்கு மேலே யாரும் தேடவே இல்லை, அதனால் யாருக்கும் கிடைக்கவும் இல்லை.

அத்தோடு நிற்கவில்லை. கொதிக்கும் ஊற்றுக்குள்ளேயே கண்ணாடித் துண்டுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சில நாளில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடி நிறைய பாக்டீரியா. உடனே ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும்: இவை அங்கே வளர்ந்தவையா, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவையா? அதற்கு ப்ராக்கும் அவரோடு வேலை செய்த பாட் என்பவரும் செய்த ஏற்பாடு எளிமையானது. சில கண்ணாடித் துண்டுகளை அவ்வப்போது புறஊதா ஒளியில் காட்டி, ஒட்டியிருப்பவற்றைக் கொன்று, திரும்பத் தண்ணீரில் விட்டார்கள். அந்தக் கண்ணாடியில் சேர்வது ஒட்டுவதால் மட்டும். ஒளி காட்டாத கண்ணாடியில் சேர்வது ஒட்டுவதும் வளர்வதும் சேர்ந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வளர்ச்சி. கொதிக்கும் தண்ணீரில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன என்று 1969-இல் இப்படித்தான் நிரூபித்தார்கள்.

நீங்கள் கேட்டிருப்பதும் இதே கேள்விதான், "அங்கேயே வளர்கின்றனவா, சும்மா கிடக்கின்றனவா" என்று. அதை உங்கள் வழிகாட்டியிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். பிசிஆரைச் சொல்லாதீர்கள்.

---

ஏரிக்கரை எழுதியது:

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அவர் வெப்பத்தோடு நிற்காமல் அமிலத்தையும் பார்த்தார், அது ஏனோ பேசப்படுவதே இல்லை. யெல்லோஸ்டோனிலும் மற்ற இடங்களிலும் பலவகை அமிலத்தன்மை உள்ள நீர்நிலைகளைப் பார்த்து, பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4-க்குக் கீழே நீலப்பச்சைப் பாசி, அதாவது சயனோபாக்டீரியா, இல்லவே இல்லை என்று 1973-இல் எழுதினார். அந்த அமிலத்தில் பச்சையாகத் தெரிவது சயனிடியம் மாதிரி உட்கரு உள்ள பாசிகள். ஆனால் சயனிடியம் 56, 57 டிகிரிக்கு மேல் தாங்காது. காரத் தண்ணீரில் சயனோபாக்டீரியா 73 டிகிரி வரை போகும். ஆக, அமிலமான சூட்டு ஊற்றில் 57 டிகிரிக்கு மேலே ஒளிச்சேர்க்கையே கிடையாது என்று ஒரு கோடு போட்டுவிடலாம்.

ஓர் உயிரைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. ஓர் உயிர் எந்த இடத்துக்கு மேல் இல்லை என்று உறுதியாகச் சொல்வது அதைவிடக் கஷ்டமான வேலை, நிறைய இடம் பார்த்திருக்க வேண்டும். உப்பளத்தில் உங்களுக்கும் அந்த மாதிரி ஒரு கோடு கிடைக்கலாம்.

---

குளத்துமண் எழுதியது:

நான் வளர்ப்புப் பக்கத்து ஆள், தெர்மஸ் கதையை அந்தக் கோணத்தில் சொல்கிறேன்.

ஹட்சன் ஃப்ரீஸ் என்பவர் அப்போது இண்டியானாவில் இளங்கலை மாணவர். முதுகலைகூட இல்லை, கவனியுங்கள். 1966-இல் மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற ஊற்றின் மாதிரியிலிருந்து அவரும் ப்ராக்கும் பிரித்தெடுத்ததுதான் ஒய்டி-1 என்ற வகை. அவர்கள் ஆசைப்பட்டது அந்த இளஞ்சிவப்பு நாரை வளர்க்க. வந்ததோ மஞ்சள் நிறத்தில் வேறொன்று. இளஞ்சிவப்பு நார் 1998 வரை யாருக்கும் பிடிகொடுக்கவில்லை, ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் குழு ஆக்டோபஸ் ஸ்பிரிங்கிலிருந்து அதை வளர்த்தெடுத்து தெர்மோக்ரினிஸ் ரூபர் என்று பெயர் வைத்தது.

தெர்மஸ் எப்படிக் கிடைத்தது என்றால், இரண்டு விஷயத்தை மாற்றினார்கள். ஒன்று வெப்பம், 70 டிகிரிக்கும் மேலே கொண்டுபோனார்கள். இரண்டாவது சாப்பாடு. டிரிப்டோனும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டும் தலா 0.1 சதவீதம், மற்றபடி ஊற்று நீரில் இருப்பது போன்ற உப்புகள். நாம் சாதாரணமாக ஊற்றும் நியூட்ரியன்ட் பிராத்தோடு ஒப்பிட்டால் இது கஞ்சித் தண்ணீர்தான். ஆனால் ஊற்று நீரில் அவ்வளவு சாப்பாடுகூடக் கிடையாது. சத்து அதிகமான ஊடகத்தில் போட்டால் தெர்மஸ் சரியாக வளராது. உயிர் வாழும் இடத்தைப் பார்த்து ஊடகம் செய்ய வேண்டும், அலமாரியில் இருக்கும் டப்பாவைப் பார்த்து அல்ல என்பதை நான் என் மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன்.

இன்னொரு நடைமுறைக் கஷ்டம், 70 டிகிரியில் அகர் தட்டு அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். அகரைக் கூடுதலாகப் போட்டு, தட்டைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, இன்குபேட்டருக்குள் தண்ணீர்த் தட்டும் வைக்க வேண்டும். உப்பு விரும்பிகளுக்கும் இதே கவனம் தேவை. 20, 25 சதவீதம் உப்பு போட்ட தட்டு, காலனி வர வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை காய்ந்து மேலே உப்புப் படிகம் பூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எறிந்துவிடாதீர்கள்.

1969-இல் தெர்மஸ் அக்வாட்டிகஸை புதிய பேரினம், புதிய இனம் என்று வெளியிட்டார்கள். அதே கட்டுரையில் எனக்குப் பிடித்த சேதி, இது யெல்லோஸ்டோனில் மட்டும் இல்லை, குழாயில் வரும் வெந்நீரிலிருந்தும் கிடைத்தது. பிற்பாடு வீட்டு வாட்டர் ஹீட்டர்களிலும் இதன் உறவினரைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே ஃப்ரீஸும் ப்ராக்கும் தெர்மஸின் ஆல்டொலேஸ் என்ற நொதியைப் பிரித்து, மற்ற உயிர்களின் நொதி வெந்துபோகும் சூட்டில் இது அசராமல் வேலை செய்கிறது என்று காட்டினார்கள். ஆக, தெர்மஸின் நொதிகள் சூடு தாங்கும் என்பது பிசிஆர்க்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல, அவர்கள் வருவதற்கு முன்பே அச்சில் இருந்தது.

இப்போது லாட்டரி விஷயத்துக்கு வருகிறேன். ஒய்டி-1 வகையை ப்ராக் தன் ஃப்ரீசரில் பூட்டி வைக்கவில்லை. அமெரிக்கன் டைப் கல்ச்சர் கலெக்‌ஷனில் ஒப்படைத்தார், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 1976-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சியன், எட்கர், ட்ரெலா மூவரும் அதிலிருந்து டிஎன்ஏ பாலிமரேஸைப் பிரித்து, 80 டிகிரியில் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதினார்கள். 1983-இல் சீட்டஸ் நிறுவனத்தில் கேரி முல்லிஸ் பிசிஆரை யோசிக்கிறார். முதலில் பயன்பட்டது ஈ.கோலையின் பாலிமரேஸ், ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ-வைப் பிரிக்கச் சூடாக்கும்போது நொதி செத்துவிடும், மறுபடி திறந்து புதிதாக ஊற்ற வேண்டும். சூடு தாங்கும் பாலிமரேஸ் எங்கே என்று தேடியபோது கட்டுரை நூலகத்தில் இருந்தது, பாக்டீரியா சேகரிப்பில் உயிரோடு இருந்தது. 1988-இல் டாக் பாலிமரேஸோடு சீட்டஸின் சைக்கி குழுவின் கட்டுரை, 1993-இல் முல்லிஸுக்கு நோபல்.

அடுத்தவர் எப்போது வந்து கேட்டாலும் கிடைக்கும்படி ஒழுங்காகப் பெயரிட்டு, விவரித்து, ஒப்படைத்துவிட்டுப் போனதை லாட்டரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் காசு விஷயத்தை யாரும் தொடவில்லை. 1991-இல் பிசிஆர் உரிமைகளை ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது. ப்ராக்குக்கு அதில் ஒன்றும் இல்லை. யெல்லோஸ்டோன் பூங்காவுக்கும் ஒன்றும் இல்லை. ப்ராக் அதைப் பற்றி அங்கலாய்க்கவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை, ஆனால் பூங்கா பொதுச்சொத்து, பொதுச்சொத்திலிருந்து வந்ததில் பொதுமக்களுக்குப் பங்கு வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் 1997-இல் யெல்லோஸ்டோன் டைவர்சா என்ற நிறுவனத்தோடு லாபப் பங்கு ஒப்பந்தம் போட்டது. அதை எதிர்த்து வழக்கும் நடந்தது.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், ப்ராக் காலத்தில் இல்லாத சட்டங்கள் இப்போது இருக்கின்றன. 1992 உயிரிப் பன்மைய உடன்படிக்கை, 2010 நகோயா நெறிமுறை, நம் நாட்டில் 2002 உயிரியல் பன்மைச் சட்டம். தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது. புதிய பாக்டீரியா இனம் என்று செல்லுபடியாக வெளியிட வேண்டுமானால் அதை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள சேகரிப்புகளில் ஒப்படைக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு இங்கே தனி நடைமுறை உண்டு, வேலை முடிந்தபிறகு அல்ல, தொடங்கும்போதே துறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டில் சண்டிகரில் எம்டிசிசி என்ற நுண்ணுயிர்ச் சேகரிப்பு இருக்கிறது, புனேயில் தேசிய நுண்ணுயிர் வள மையம் இருக்கிறது.

அப்புறம் அளத்துக்காரரிடம் முறையாகச் சொல்லி அனுமதி வாங்குங்கள். எந்தப் பாத்தியில் தண்ணீர் எப்போது நிறம் மாறும் என்று அங்கே வேலை செய்பவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். கட்டுரையில் அவர்களுக்கு நன்றி எழுதுங்கள்.

லாட்டரி பற்றி என் கருத்து: டாக் அதிர்ஷ்டம்தான். குளத்துமண் சொல்வதை ஏற்றாலும், சூடு தாங்கும் நொதி தேவைப்படும் ஒரு முறையை வேறு யாரோ கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அது ப்ராக் கையில் இல்லை. ஆனால் அந்த அதிர்ஷ்டம் அடிக்காமல் போயிருந்தால் அவர் வேலை வீணா என்று கேட்டால், இல்லை. மேலே பழைய நுண்ணோக்கி எழுதியதில் பாதிக்கு மேல் டாக் இல்லாமலே நிற்கிறது.

---

உப்பங்காற்று எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மிகவும் நன்றி. கண்ணாடித் துண்டு, புறஊதா ஒளி சோதனை பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. படித்ததும் ராத்திரி தூக்கம் போய்விட்டது, பாத்தியில் அதை எப்படிச் செய்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கேள்வி பாக்கி. 1975-க்கு மேல் யெல்லோஸ்டோனை விட்டுவிட்டு அவர் என்ன செய்தார்? இன்னொன்று, நேரடியாகவே கேட்கிறேன், இந்தத் துறையில் இங்கே சோறு கிடைக்குமா?

---

ஏரிக்கரை எழுதியது:

முதல் கேள்விக்கு நான். பெயரிலேயே ஏரிக்கரை என்று வைத்துக்கொண்டு இதற்குப் பதில் எழுதாமல் இருந்தால் எப்படி.

1971-இல் ப்ராக் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு மாறினார், மேடிசன் நகரத்தில். பல்கலைக்கழகத்தை ஒட்டியே மென்டோட்டா என்ற பெரிய ஏரி. பர்ஜ், ஜூடே என்ற இரண்டு பேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே அங்கே ஏரி ஆராய்ச்சி நடத்தியிருந்ததால், பழைய அளவீடுகள் குவிந்திருந்த ஏரி. வயல்களிலிருந்தும் ஊரிலிருந்தும் வந்து சேரும் பாஸ்பரஸால் கோடையில் நீலப்பச்சைப் பாசி பச்சைப் பெயின்ட் ஊற்றியது போல் மண்டும். ப்ராக் அந்தப் பாசிகளையும் அவற்றின் கணக்கையும் பிடித்துக்கொண்டார்: எவ்வளவு வளர்கிறது, எவ்வளவு அடியில் படிகிறது, யார் தின்கிறார்கள், எப்போது சரிகிறது. 1985-இல் மென்டோட்டாவைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். பூமியின் அதிசயமான ஊற்றிலிருந்து நாறும் பாசி ஏரிக்கு வந்துவிட்டாரே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது அதே வேலையாகத்தான் தெரிகிறது, இடம்தான் வேறு. நம் ஊர் ஏரிகளில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி மண்டிக் கிடப்பதைப் பார்க்கும் யாருக்கும் யெல்லோஸ்டோனைவிட மென்டோட்டா வேலைதான் நெருக்கமாக இருக்கும்.

நீங்கள் படிக்கும் ப்ராக் பாடநூல் இவருடையதுதான், தெரியும்தானே? முதல் பதிப்பு 1970. இப்போது வேறு ஆட்கள் புதுப்பித்து எழுதுகிறார்கள், பெயர் அப்படியே நிற்கிறது. ராபர்ட் கோக்கின் வாழ்க்கை வரலாறு 1988-இல் எழுதினார். 1990-இல் ஓய்வு. அதற்குப் பிறகு மனைவி கேத்தரினோடு சேர்ந்து மேடிசனுக்குப் பக்கத்தில் 140 ஏக்கர் நிலத்தில் அழிந்துபோயிருந்த புல்வெளியையும் ஓக் மரக் காட்டையும் திரும்பக் கொண்டுவருவதில் இறங்கிவிட்டார். விதை சேகரிப்பது, ஆகாத புதரை வெட்டுவது, முறை வைத்துத் தீயிட்டு எரிப்பது என்று எல்லாம். 2008-இல் மாநில அரசு அதை இயற்கைப் பகுதியாக அறிவித்தது. 2021 ஏப்ரலில் இறந்தார், 94 வயது.

---

பழைய நுண்ணோக்கி எழுதியது:

ஒரு விஷயம் விட்டுப்போனது. 1970-இல் டார்லாந்து, ப்ராக் குழு இண்டியானாவில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு மலையில், தானாகவே உள்ளே சூடேறிப் புகையும் குவியலில், தெர்மோபிளாஸ்மா என்ற உயிரைப் பிடித்தது. செல்சுவரே இல்லை, பிஎச் 2, சூடு 59 டிகிரி. 1972-இல் அமில ஊற்றுகளிலிருந்து சல்ஃபோலோபஸ். இரண்டையும் பாக்டீரியா என்றுதான் வகைப்படுத்தினார்கள், அப்போது வேறு பெட்டியே கிடையாது. 1977-இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் ஆர்க்கியா என்பது பாக்டீரியாவிலிருந்து வேறான தனிக் கிளை என்று சொன்ன பிறகு, இவை இரண்டும் சில ஆண்டுகளில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. உங்கள் பாத்தியின் ரோஸ் நிறத்துக்குக் காரணமான உப்பு விரும்பிகளும் பெரும்பாலும் ஆர்க்கியாதான், கூடவே டுனாலியெல்லா பாசியும் இருக்கும்.

உப்பளத்துக்கு ஒரு எச்சரிக்கை கலந்த ஆறுதல்: 1980-இல் வால்ஸ்பி என்பவர் சினாய் கடற்கரை உப்புக் குட்டையில் தபால்தலை மாதிரி சதுரமாக, தட்டையாக ஓர் உயிரைப் பார்த்தார். உப்பளங்களில் அது ஏராளமாக இருக்கிறது, நுண்ணோக்கியில் உடனே தெரியும். ஆனால் ஆய்வகத்தில் அதை வளர்த்தது 2004-இல்தான். அதனால் தட்டில் வரவில்லை என்றால் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், முதலில் ஒரு சொட்டை அப்படியே நுண்ணோக்கியில் வையுங்கள். சாதாரணக் கண்ணாடித் துண்டில் இன்னொரு சொட்டுத் தூய தண்ணீரைச் சேர்த்துப் பாருங்கள், பல உப்பு விரும்பிகள் வெடித்துவிடும். அதுவே ஒரு தகவல்.

சோறு பற்றி. மருத்துவமனை ஆய்வகம் அளவுக்கு வேலைகள் இல்லை, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் இல்லாமலும் இல்லை. திருப்பூர், வேலூர் பக்கம் சாயக்கழிவு, தோல்கழிவு சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிரி தெரிந்த ஆள் தேவை. உயிர் உரம் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு நாக்பூரின் நீரி (சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்), கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம், புனே மையம் எல்லாம் உண்டு. நெட் தேர்வை எழுதி வையுங்கள். கூடவே டிஎன்ஏ வரிசை அறிதல் தரவைக் கையாளக் கொஞ்சம் கணினி கற்றுக்கொண்டால் எந்தப் பக்கம் போனாலும் கை கொடுக்கும்.

வழிகாட்டியிடம் மறுபடி போகும்போது ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எந்தெந்தப் பாத்தி, ஒவ்வொன்றிலும் உப்பளவு, வெப்பம், பிஎச், எந்த நேரத்தில் எடுப்பீர்கள், கண்ணாடித் துண்டை எத்தனை நாள் தொங்கவிடுவீர்கள், ஒளி காட்டிய துண்டு எத்தனை, காட்டாதது எத்தனை. உச்சி வெயிலில் பாத்தியில் புறஊதா ஏற்கனவே இருக்கும், அதனால் விளக்கில் எவ்வளவு நேரம் காட்டினால் இந்த உயிர்கள் சாகின்றன என்று முதலில் ஆய்வகத்தில் பார்த்துவிட வேண்டும், உப்பு விரும்பிகள் வெயிலுக்குப் பழகியவை, அவ்வளவு சீக்கிரம் சாகமாட்டா. அந்தப் பக்கத்தை இங்கே போட்டீர்கள் என்றால் நானும் குளத்துமண்ணும் பார்த்துச் சொல்கிறோம்.

---

குளத்துமண் எழுதியது:

கட்டாயம் போடுங்கள். மழைக்காலம் வந்தால் அளம் மூடிவிடுவார்கள், அதற்கு முன் ஒரு முறையாவது மாதிரி எடுத்துவிடுங்கள். உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கும்போது கடல் மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருப்பது 10 சதவீதத்தோடு நின்றுவிடும், 28 சதவீதம் வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கு மேலே போனால் அளந்து நீர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.